இரண்டு நீல மூடிகள்

ஜூன் 3

அன்புள்ள ரேடியோ,

நலம். உன் நலம் எப்படி என்று கேட்டு மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. கோர்ட்டில் மூச்சுவிடாமல் பேசுகிறவளுக்கு ஒரு பக்கம் எழுத நேரமில்லையாம். இருக்கட்டும், அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். இது அவசரம்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து அதுதானே நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று காலை சிகிச்சை அறைக்கே ஒரு போலீஸ்காரர் வந்து என்னிடம் கையெழுத்து வாங்கிப்போனார். சாட்சி சம்மன். ஆகஸ்ட் 18, காலை பத்தரை மணி. குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு. கூட இருந்த பெண்கள், "என்ன சிஸ்டர், யாரைக் குத்தினீங்க?" என்று கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

விஷயம் இது. போன நவம்பர் 12, சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஒரு பெட்ரோல் பங்க் முதலாளியின் கார் சலவைக் கடை வாசலில் நடைபாதை மேல் ஏறிவிட்டது. கடையில் துணி தேய்க்கிற அம்மா காற்றுக்காக வெளியே வந்து நின்றிருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. முதலாளிக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். அதைக் காட்ட முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். போலீஸ் அவரை எங்களிடம் ரத்தம் எடுக்கக் கூட்டிவந்தபோது மணி ஏழு ஐம்பது. எடுத்தது நான். டாக்டர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார். அந்த டாக்டர் இப்போது வெளிநாட்டில்.

பரிசோதனை முடிவு, அனுமதித்த அளவைவிடக் கொஞ்சம்தான் அதிகமாம். அதனால் வழக்கே என் ஊசியில் நிற்கிறது என்று அந்தப் போலீஸ்காரர் சொன்னார். முதலாளியோ தான் குடிக்கவே இல்லை, அந்த அம்மாதான் நடைபாதையிலிருந்து இறங்கிக் குறுக்கே வந்தார் என்கிறாராம்.

பதினெட்டு வருஷமாக விபத்து வழக்கு மட்டுமே நடத்துகிறவள் நீ. சொல். என்ன கேட்பார்கள்? நான் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது? அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? வாரம் ஒருமுறை கட்டு மாற்ற என்னிடம்தான் வருகிறார். "நர்சம்மா, இனிமே பஸ்ல எனக்கு அரை டிக்கெட் கேக்கலாமா?" என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஞ்சை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் பதினான்கு மாதம்.

உன்
கொசு

ஜூன் 11

என் அருமைக் கொசு,

மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் சேர்த்து இரண்டு காதையும் பிடித்துக்கொண்டேன். போதுமா?

முதலில் பயத்தை விடு. சாட்சிக் கூண்டு ஒன்றும் பலிபீடம் இல்லை. மரத்தால் செய்த ஒரு சின்ன அடைப்பு, பாதிக் கோர்ட்டுகளில் ஆடும், அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். கேட்காததைச் சொல்லாதே. ஊகிக்காதே. "இருந்திருக்கலாம்", "அப்படித்தான் நினைக்கிறேன்" இரண்டும் உன் வாயில் வரவே கூடாது. தெரிந்தால் தெரியும். தெரியாவிட்டால் "தெரியாது". அது முழுப் பதில், அதற்கு வால் வைக்கத் தேவையில்லை. கோபப்படுத்துவார்கள். நீ நோயாளியிடம் எப்படிப் பேசுவாயோ அப்படிப் பேசு.

இனி அந்த அம்மாவுக்கு. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு வேறு, காயத்துக்கு நஷ்டஈடு கேட்கிற வழக்கு வேறு. இரண்டும் தனித்தனியாக நடக்கும். முதல் வழக்கு தோற்றால் இரண்டாவது செத்துவிடாது, ஆனால் நொண்டும். குடி நிரூபணமானால் எதிர்த்தரப்பு தானாகவே இறங்கிவரும், இல்லாவிட்டால் "நீ ஏன் குறுக்கே வந்தாய்" என்பதிலேயே நாலு வருஷம் ஓட்டுவார்கள்.

அவரிடம் இதைச் சொல்: முதல் நாள் மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வைக்கட்டும். கடைக்காரரிடம் வேலைச் சான்று வாங்கட்டும். அதில் "நின்றபடி தேய்க்கும் வேலை" என்று எழுதியே ஆக வேண்டும். ஊனச் சான்றிதழில் டாக்டர் ஒரு சதவீதம் போடுவார். அது காலைத்தான் அளக்கும், பிழைப்பை அளக்காது. உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கும் நாள் முழுதும் நின்று தேய்க்கிறவருக்கும் ஒரே கால் போனாலும் ஒரே நஷ்டம் இல்லை. அதை வாதாடித்தான் வாங்க வேண்டும். யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உனக்கு ஒரே ஒரு கேள்வி. ஊசி போடும் முன் அவர் கையை எதைக்கொண்டு துடைத்தாய்? சிரிக்காதே. ஸ்பிரிட்டால் துடைத்திருந்தால், ரத்தத்தில் வந்த சாராயம் பஞ்சிலிருந்து வந்தது என்று வாதாடுவார்கள். நானே இரண்டு வழக்கில் வாதாடி ஜெயித்திருக்கிறேன். உள்ளதை அப்படியே எழுது.

உன்
ரேடியோ

ஜூன் 19

அன்புள்ள ரேடியோ,

உன் கேள்வியைப் படித்துவிட்டு மூன்று நாள் பேனாவை எடுக்கவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

போலீஸ் கொண்டுவருகிற பெட்டியில் இரண்டு குழாய், ஊசி, ஸ்பிரிட் இல்லாத ஈரப்பஞ்சுப் பொட்டலம் ஒன்று இருக்க வேண்டும். அன்று பொட்டலம் இல்லை. கான்ஸ்டபிள், "அதெல்லாம் உங்க ஆஸ்பத்திரியில இல்லாததா சிஸ்டர்?" என்றார். அலமாரியிலிருந்து எடுத்தேன்.

அலமாரியில் இரண்டு பஞ்சு ஜாடி. ஒன்றில் ஸ்பிரிட், இன்னொன்றில் மருந்து சோப்புக் கரைசல். ஸ்பிரிட் ஜாடிக்குச் சிவப்பு மூடி, மற்றதுக்கு நீலம். அக்டோபரில் சிவப்பு மூடி விழுந்து உடைந்தது. ஸ்டோரில் நீலம்தான் இருந்தது, அதையே போட்டோம். ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு ஈரத்தில் உரிந்துபோயிருந்தது. சாதாரண நாளில் மூக்கே சொல்லிவிடும். அன்று அறை முழுக்க அந்த மனிதரின் வாடைதான். வாயைத் திறந்தாலே அலையடித்தது. கையில் உறை வேறு. எந்த ஜாடி என்று எனக்குத் தெரியவில்லை, ரேடியோ. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

படிவத்தில் "ஸ்பிரிட் பயன்படுத்தப்படவில்லை" என்று அச்சடித்தே இருக்கும். கீழே நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். வெளியே நாற்காலியில் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

முப்பத்தோரு வருஷத்தில் தெரியாமல் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். உண்மையைச் சொன்னால் அவர் தப்பிவிடுவார். சொல்லாவிட்டால் நான் பொய்ச் சாட்சி. அந்த அம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை கட்டு மாற்ற வருவார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

சீக்கிரம் எழுது.

உன்
கொசு

ஜூலை 9

அன்புள்ள கொசு,

தாமதத்துக்கு மன்னி. வேலை அதிகம்.

அந்த ஜாடி விஷயத்தை இனி யாருக்கும் எழுதாதே, எனக்கும் எழுதாதே. படிவத்தில் இருப்பது இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு பற்றி வேறு நல்ல வக்கீல் ஒருவரை உள்ளூரிலேயே பார்க்கச் சொல். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

அந்த முதலாளியின் பங்க், பெரிய சாலை பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் வாசல் வைத்து இருப்பதா?

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீயும் இனி எழுதினால் ஆபீஸ் முகவரிக்கு வேண்டாம், வீட்டுக்கே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரேடியோ

ஜூலை 24

அன்புள்ள ரேடியோ,

இவ்வளவு சின்னக் கடிதம் உன்னிடமிருந்து வந்ததே இல்லை. உடம்பு சரியில்லையா? வீட்டில் ஏதாவது கஷ்டமா? சொல்லக்கூடாததா?

ஆமாம், இரண்டு பக்கமும் வாசல் உள்ள பங்க்தான். உனக்கு எப்படித் தெரியும்?

இங்கே நடந்ததைக் கேள். புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு இளம் வக்கீல் வந்தார். கோட்டும் கையுமாக, ரொம்ப மரியாதை. மருத்துவமனை மேலாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு நேராக எங்கள் அறைக்கு வந்தார். கட்டிலைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்க்கவில்லை. அலமாரிக்குப் போனார். மூன்றாவது தட்டு. இரண்டு ஜாடியையும் முன்னாலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று படம் எடுத்தார். பிறகு ஸ்டோருக்குப் போய், அக்டோபரில் மூடி வாங்கிய ரசீதுக்கு நகல் கேட்டார். அக்டோபர் என்று மாதத்தோடு கேட்டார். ஸ்டோர்க்காரர் என்னிடம் வந்து, "சிஸ்டர், மூடி உடைஞ்சது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே மறந்து போச்சு" என்றார்.

போகும்போது அவர் என்னைப் பார்த்து, "ஆகஸ்ட்ல பார்க்கலாம் மேடம்" என்று கும்பிட்டார்.

அதே வாரம் அந்த அம்மா வீட்டுக்கும் இருவர் போயிருக்கிறார்கள். "நான் தவறி நடைபாதையிலிருந்து இறங்கினேன்" என்று தட்டச்சு செய்த தாள். கையெழுத்துப் போட்டால் செயற்கைக் கால் வாங்கித் தருகிறார்களாம். அவர், "எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி எழுதிக் கொண்டுவந்திருப்பீங்க, பாவம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். நீ சொன்னதைத்தான் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

எதிர்த்தரப்பு இப்படியெல்லாம் தானாகவே தேடிக் கண்டுபிடிப்பது உண்டா? இந்தத் தொழிலில் இது சாதாரணமா? "ஆமாம்டி, சாதாரணம்தான்" என்று ஒரு வரி எழுதிப் போடு. நான் தூங்கிக்கொள்வேன்.

உன்
கொசு

ஆகஸ்ட் 5

கொசு,

சாதாரணம் இல்லை.

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஜூன் கடைசியில் ஒருநாள் மதியம், ஆபீஸில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சிரிப்புக்காகச் சொன்னேன். உன் பெயர் சொல்லவில்லை. "ரெண்டு ஜாடி. அக்டோபர்ல ஒண்ணோட மூடி உடைஞ்சு, இப்ப ரெண்டுக்கும் நீல மூடி. என் ஃபிரெண்ட் முப்பது வருஷ சர்வீஸ்ல முதல் தடவையா திருதிருன்னு முழிக்கிறா, பென்ஷன் வேற பக்கத்துல." எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் சீனியர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க ஃபிரெண்ட் எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்றார். வாயில் வந்துவிட்டது. நீ வைத்த பெயர் சும்மா வைத்ததா?

அந்த முதலாளியின் வழக்குக் கட்டு அவர் மேஜையில் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜூலையில் எழுதியபோதும் சொல்லவில்லை.

நேற்று என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஸ்பிரிட் ஜாடின்னு உங்க ஃபிரெண்ட் தெளிவா சொல்லிட்டா, நான் ரெண்டே கேள்வியில உட்கார்ந்திடுவேன். கை தவறின விஷயம், யாரும் அவங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அதை நான் பார்த்துக்கறேன். தெரியாதுன்னு சொன்னா, தெரியாம எப்படிக் கையெழுத்துப் போட்டீங்கன்னு ஆரம்பிப்பேன். சாயங்காலம் வரைக்கும் விட மாட்டேன். பென்ஷனுக்கு ஒரு வருஷம்தானேம்மா பாக்கி?"

நீ இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று நான் கேட்கவில்லை. ஆனால் யோசி. உனக்குத்தான் எந்த ஜாடி என்று தெரியாதே. பாதிக்குப் பாதி அது ஸ்பிரிட்டாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் நீ சொல்வது பொய்யும் இல்லை. அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு வழக்கு தனியாக இருக்கவே இருக்கிறது.

இந்த ஆபீஸை விட்டு வெளியே வந்து தனியாகப் பலகை மாட்டுகிற வயதா எனக்கு? நீ என்னைத் திட்டு. நேரில் வந்து அடி. ஆனால் பிடிவாதம் பிடிக்காதே.

படித்ததும் கிழித்துவிடு.

ரேடியோ

ஆகஸ்ட் 20

அன்புள்ள ரேடியோ,

உன் கடிதம் 8ஆம் தேதி வந்தது. பதில் போடவில்லை. கோர்ட்டுக்குப் போய்வந்து எழுதலாம் என்று இருந்தேன்.

15ஆம் தேதி விடுமுறை, அரசு வக்கீலை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். ஜாடி விஷயத்தை நானே சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, இதை என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார். "சொல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி சார், எனக்கு இல்லை" என்றேன். பிறகு அந்த அம்மாவிடமும் சொன்னேன். என்னால் அவர் வழக்கு கெட்டுப்போகலாம் என்று சொன்னேன். காலை என் பக்கம் நீட்டினார். "என் காலை எடுத்தது நீங்களா? கட்டை இறுக்கமா போடுங்க, போன வாரம் நழுவிடுச்சு" என்றார்.

17ஆம் தேதி, சாட்சி சொல்லப் போகிறோமே, அன்று என்ன எழுதியிருந்தேன் என்று பார்த்துவைப்போம் என எங்கள் அறைப் பதிவேட்டை எடுத்தேன். நவம்பர் 12ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு கோடு. நடுவில் எங்கிருந்தோ ஆரம்பித்து, வளைந்து, பக்கத்தின் ஓரம் வரை போய், அங்கிருந்து கீழே இறங்கியிருந்தது. பார்த்ததும் நினைவு வந்தது. ரத்தம் எடுக்கச் சம்மதம் என்று அவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தைப் பதிவேட்டின் மேல் வைத்துக் கொடுத்தேன். பெயரின் முதல் பாதியைப் படிவத்தில் போட்டார். மீதிப் பாதி தாளைவிட்டு இறங்கிப் பதிவேட்டில் போய்விட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை. கையில் பேனாவை வைத்துக்கொண்டே, "பேனா குடும்மா, கையெழுத்துப் போடறேன்" என்றார். மறுநாள் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோய் அரசு வக்கீலிடம் காட்டினேன்.

உனக்கு இதை எழுதாததற்குக் காரணம், எனக்கே மறந்திருந்தது. நீயும் கேட்கவில்லை. என் கை எந்த ஜாடிக்குள் போனது என்றுதான் கேட்டாய். அவர் கை எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கோர்ட்டில் உங்கள் சீனியர் எழுந்தார். மெல்லிய குரல், நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். மூன்றாவது கேள்வியிலேயே ஜாடிப் படங்களை நீட்டினார். எந்த ஜாடி? தெரியாது என்றேன். தெரியாமல் கையெழுத்துப் போட்டீர்களா? ஆமாம் என்றேன். சாயங்காலம் வரை விட மாட்டேன் என்றாராமே, இருபது நிமிஷத்தில் அவரிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவளிடம் எவ்வளவு நேரம் தோண்டுவது? அறையில் வாடை அடித்தது என்றேன். "வாடையை அளக்கிற கருவி உங்க மூக்கா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்தார்.

அப்புறம் அரசு வக்கீல் எழுந்து பதிவேட்டைக் கேட்டார். படிவத்தையும் பதிவேட்டையும் நீதிபதி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நீதிபதி படிவத்தைக் கொஞ்சம் நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பெயர் சேர்ந்துவிட்டது. முதலாளி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு இறங்கிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தேன். அரசு வக்கீல், "ஒரு நிமிஷம்மா" என்றார். ஜாடிப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "மூடி விஷயத்தை என்கிட்ட நீங்க சொன்னது மூணு நாளைக்கு முன்னாடி. இந்தப் படம் ஜூலையில எடுத்தது. அதுக்கு முன்னாடி யார்கிட்ட சொன்னீங்க?"

உங்கள் சீனியர் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது, ரேடியோ. ஆனால் எனக்குத் தெரியுமே. "என் தோழிகிட்ட, கடிதத்துல" என்றேன். பெயர் கேட்டார்கள், சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார்கள், சொன்னேன். எந்த ஆபீஸ் என்று கேட்டபோது உங்கள் சீனியர் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பதில் கடிதங்கள் இருக்கிறதா என்றார் நீதிபதி. நீ கிழிக்கச் சொல்லியிருந்தாய். உன் கடிதம் ஒன்றைக்கூட நான் இதுவரை கிழித்ததில்லை. எப்படிக் கிழிப்பது என்றே தெரியவில்லை. கைப்பையில் இருந்தன. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், மூன்றையும் வாங்கி உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

எனக்கு நேற்று மருத்துவமனையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. பென்ஷன் என்னவாகும் என்று தெரியாது. வழக்கு எப்படி முடியும் என்றும் தெரியாது. அடுத்த தேதி செப்டம்பர் 15. உனக்குச் சம்மன் வரும், என் கடிதங்களோடு வரச் சொல்லி. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன். போலீஸ்காரர் கதவைத் தட்டித் தெரிந்துகொள்ள வேண்டாம். இப்படி எழுதலாமா என்று அரசு வக்கீலைக் கேட்டேன். கூடாது என்றார். எழுதிவிட்டுத் திரும்பவும் அவரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன்.

நீ வந்தால் என் வீட்டில் தங்க முடியாது. நாம் இருவரும் சாட்சிகளாம், விசாரணை முடியும்வரை பேசிக்கொள்ளக் கூடாதாம். பஸ் நிலையத்துக்கு எதிரே பச்சைக் கட்டடத்தில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. சுத்தமாக இருக்கும், கோர்ட்டுக்கு நடந்தே போகலாம். மாடி அறைதான் கொடுப்பார்கள், வாங்காதே, உன் முழங்காலுக்கு ஆகாது. கீழே இரண்டு அறை இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள்.

கொசு